மூத்தவள் வரவு

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது, எங்கள் உதவிப் பங்குத்தந்தை என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து ஓர் உதவி கேட்டார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் திருமணம் செய்யவிருக்கும் இளையோருக்கு மறைவட்ட அளவில் ஆயத்த வகுப்பு நடக்கவிருந்தது. உடல்நலம் பற்றிப் பேச மருத்துவர் ஒருவர் இருந்தார்; இல்லறம் பற்றிப் பேச மூத்த தம்பதியர் இருந்தனர்; குடும்பப் பொருளாதாரம் என்ற தலைப்புக்கு மட்டும் ஆள் அமையவில்லை. "37 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள். ஒரு மணி நேரம் பேசினால் போதும் ஐயா" என்றார்.

பள்ளிக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக் கணக்குக்கு விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஆசிரியராக இருந்தவனுக்குக் கரும்பலகை என்றால் இன்னும் ஓர் ஆசை. ஒத்துக்கொண்டேன்.

என்ன பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, மச்சில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கி, அப்பாவின் கணக்கு நோட்டுகளை எடுத்தேன். அப்பா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். இளமையில் பனையேறியவர், பின்னர் தென்னை பாட்டத்துக்கு எடுத்தார், சிறுகச் சிறுகச் சேர்த்து 90 சென்ட் விளை வாங்கினார். 1958 முதல் அவர் இறந்த 1978 வரை, பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டுகளில் நாள்தோறும் கணக்கு எழுதினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கருப்பட்டி விற்றது, ஓலை விற்றது, ஊர்வரி, திருவிழா வரி, எனக்குச் சிலேட்டு, தம்பிக்கு இருமல் மருந்து என்று எல்லாம் அதில் இருந்தன. திருவிழாவுக்கு வாங்கிய ஒரு படி பயறுகூட விடுபடவில்லை. இன்றைய நிதி ஆலோசகர்கள் முதல் பாடமாகச் சொல்வதை, அதாவது செலவை எழுதி வை என்பதை, ஒருவரும் சொல்லாமலே செய்தவர் அவர்.

1962ஆம் ஆண்டு நோட்டில் இடப்பக்கத்தில் ஒரு புதிய வரி தொடங்குகிறது. "மூத்தவள் வரவு 6.50." அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும். நான் நோட்டை மூடிவிட்டேன்.

அக்காள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பதினான்காம் வயதில் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்பார்கள். வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்கும் வேலை. தோட்டிலுள்ள எண்ணெய் கையைப் பொசுக்கும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். என் சிறுவயதில் அவள் விரல்கள் கறுத்தே இருந்தன. ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது முக்காட்டின் நுனிக்குள் அவள் கையை மறைத்துக்கொள்வது எனக்கு நினைவிருக்கிறது.

வகுப்பு நாள் வந்தது. பதினொரு இணைகள், பங்கின் கூட்ட அறையில் அமர்ந்திருந்தனர். ஒருவருக்கொருவர் சற்று இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கூச்சத்தைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

முதலில் வட்டியில் தொடங்கினேன். "நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். பொறியியல் படித்த ஓர் இளைஞர், "மூன்று சதவீதம்" என்றார். அருகிலிருந்த பெண் அவர் முழங்கையை இடித்தாள். நம் ஊரில் நூற்றுக்கு மூன்று என்பது மாதக் கணக்கு. ஆண்டுக்கு 36. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் இரண்டே ஆண்டுகளில் கடன் இரட்டிப்பாகிவிடும். 72 என்ற எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும் என்று தோராயமாகத் தெரியும். 36 விழுக்காட்டுக்கு இரண்டு ஆண்டு; 12 விழுக்காட்டுக்கு ஆறு; 8 விழுக்காட்டுக்கு ஒன்பது. கடன் வாங்கியவனுக்கு எதிராக ஓடும் அதே எண், சேமிப்பவனுக்குத் துணையாக ஓடும். இதை விளக்கியபோது பலர் கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டனர். திருமணத்துக்கே மாத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. ஆகாயத்தில் பறந்து படமெடுக்கும் கருவிக்குக் கொடுக்கும் வாடகையை முதற்பிள்ளையின் பிறந்தநாள்வரை தவணை கட்டும் குடும்பங்களை நான் அறிவேன். அதைச் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் முழு மனத்தோடு சிரிக்கவில்லை.

சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசினேன். சிட்டி என்று எங்கள் பெண்கள் சொல்லும் அந்த ஏலச்சீட்டு ஒரே நேரத்தில் சேமிப்பும் கடனும் ஆகும். இருபது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் 10,000 சேரும். அவசரக்காரர் 3,000 தள்ளி 7,000க்கு ஏலம் எடுக்கிறார். தள்ளிய 3,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 150 ஆகப் பிரிகிறது. முதலில் எடுப்பவர் கடன்காரர். கடைசிவரை காத்திருப்பவர் வட்டி பெறுபவர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால், தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுக்கும், தெருமுனையில் ஒருவரின் நாணயத்தை மட்டும் நம்பி நடக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொன்னேன். நாணயமானவரும் நோயில் விழலாம்.

அதையடுத்து என் சொந்த அறிவீனத்தையும் சொன்னேன். 1996இல், மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்த 60,000 ரூபாயை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டேன். ஆண்டுக்கு 24 விழுக்காடு தருவதாகச் சொன்னார்கள். அந்நாளில் பொது வருங்கால வைப்பு நிதிக்கு அரசே 12 விழுக்காடு தந்தது. அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் இரட்டித்தது. கணக்கு ஆசிரியனான எனக்கு அது போதவில்லை. அக்காளிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "மத்தவங்க தராத வட்டிய இவங்க எங்கேருந்து எடுத்துத் தருவாங்க தம்பி?" ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். 1998இல் அந்நிறுவனத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழக அரசு 1997இலேயே சட்டம் கொண்டுவந்திருந்தது. என்னைப் போன்றவர்கள் அவ்வளவு பேர் இருந்தோம். எனக்கு 2006இல் 11,000 ரூபாய் திரும்பியது. மகளின் திருமணம் 1999இல் நடந்தது. எப்படி நடந்தது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. அக்காள் தன் கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள். அவற்றை அடகு வைத்தே நடந்தது. மூன்றாண்டுகளில் மீட்டுக் கொடுத்தேன். "பத்திரமா இருக்கட்டும்னு வங்கியில கெடந்ததா நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

காப்பீடு பற்றிப் பேசுகையில் என் தம்பியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவன் வாகன ஓட்டுநர். சிறுநீரகம் பழுதாகி, 2007இல் 51ஆம் வயதில் இறந்தான். மருத்துவச் செலவுக்காக, தன் பங்குக்கு வந்த 45 சென்ட் விளையை ஓராண்டுக்கு முன்பே விற்றிருந்தான். அரசின் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009இல். அவனுக்கு அது எட்டவில்லை. அவன் பெயரில் ஆளுக்கு 50,000 ரூபாய் என்று இரண்டு ஆயுள் காப்பீடுகள் இருந்தன. இரண்டும் முதிர்வுத் தொகை தரும் வகை. செலுத்திய தவணைக்கு உயிரோடிருந்தால் ஏதேனும் திரும்ப வர வேண்டும் என்பதே நம் மக்களின் எதிர்பார்ப்பு. ஆகையால், இறந்தால் மட்டுமே பணம் தரும் காலவரைக் காப்பீட்டை வீண் செலவு என்கிறோம். அதே தவணைக்குப் பன்மடங்கு தொகை தருவது அதுதான். விளை இல்லை, ஒரு லட்சம் ரூபாய், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், தையல் தெரிந்த மனைவி: தம்பி விட்டுச் சென்றது இவ்வளவே. முன்வரிசையிலிருந்த ஓர் இளைஞர் மீன்பிடிப் படகில் போகிறவர். அவர் மட்டும் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

முதுமையைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினேன்; இருபத்தைந்து வயதினருக்கு அது வேறு நாட்டுச் செய்தி. 2011இல் ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டதையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த வட்டி மருந்துக் கடைக்குப் போதுமாக இருந்ததையும் சொன்னேன். வங்கி முறிந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய்வரைதான் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. உங்கள் தாய் தந்தையிடம் இதைச் சொல்லுங்கள் என்றேன்.

கடைசிப் பகுதி வாரிசுரிமை. உண்மையில் அதைப் பேசத்தான் நான் ஆசைப்பட்டேன். அதைக் கண்டுதான் அஞ்சினேன் என்றும் சொல்லலாம். வங்கி வைப்பில் நாமினியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் தகுதி உடையவர். மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் அழிந்துவிடாது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பிள்ளைகளையோ குறித்திருந்தால், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பணம் அவர்களுக்கே உரியதாகிறது. உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும், பதிவும் கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயனடைபவரைச் சாட்சியாக வைத்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். "உங்களில் யாரேனும் ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் திருமணத்தன்றே அது ரத்தாகிவிடும். மறுபடி எழுதுங்கள்" என்றபோது அறையில் சிரிப்பு எழுந்தது. கிறிஸ்தவர் ஒருவர் அறக்காரியங்களுக்கோ ஆலயத்துக்கோ சொத்து எழுதிவைக்க, இறப்பதற்கு ஓராண்டு முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும் என்ற பழைய தடையையும், அருட்தந்தை ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதையும் சொன்னேன்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த கிறிஸ்தவரின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. விளக்குவதற்குக் கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டு எழுதினேன். ஒரு தந்தை, 90 சென்ட் நிலம், மனைவி, ஒரு மகள், இரண்டு மகன்கள். மனைவிக்கு 30. மீதி 60இல் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 20. பின்னர்த் தாயும் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கு 30 மூவருக்கும் பத்துப் பத்தாகச் சேரும். ஆக, ஆளுக்கு 30.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செவிலியர் பணி செய்பவள் என்று பிறகு அறிந்தேன். "ஐயா, அந்த மகளுக்கு 30 சென்ட் கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

அவள் எடுத்துக்காட்டைப் பற்றித்தான் கேட்டாள். சுண்ணக்கட்டியோடு நான் பலகையைப் பார்த்தேன். வேறெந்த எண்ணையும் நான் எழுதியிருக்கலாம். 60 என்றோ 120 என்றோ எழுதியிருக்கலாம். கை தானாக 90 என்று எழுதியிருந்தது.

"இல்லை, அம்மா" என்றேன். "ஏன்?" என்றாள். நேரமாகிவிட்டது என்று உதவிப் பங்குத்தந்தை மணியடித்தார்.

ஏன் கிடைக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் நிலவியது. அதன்படி, மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒரு பகுதி, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அனுபவம் மட்டுமே. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய லத்தீன் கத்தோலிக்கர் சில வட்டங்களில் இருந்தனர்; அவர்களுக்கு அச்சட்டமே விலக்களித்தது. எங்கள் குடும்பத்தின் வழக்கம் அதுவன்று. எங்களுக்கு விளை என்றால் ஆண்மக்களுக்கு, பெண்ணுக்குப் பவுன்.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தம் தந்தையின் சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரி 24இல் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் முதலே பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் காலாவதியாகிவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்பது தீர்ப்பு. அதன்பொருள், 1978இல் இறந்த எங்கள் அப்பாவின் விளையில் அக்காளுக்கும் அம்மாவுக்கும் அன்றே பங்கு இருந்தது என்பதாகும். நானும் தம்பியும் 1980இலேயே ஆளுக்கு 45 சென்டாகப் பிரித்து வேலி போட்டுவிட்டோம்.

தீர்ப்பு வந்த பின் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பதற்றம் பரவியது. பத்திர எழுத்தர்களுக்கு நல்ல காலம். சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுங்கள் என்று எல்லாரும் எல்லாருக்கும் சொன்னார்கள். 1987இல் ஒரு புதன்கிழமை, அக்காளையும் அம்மாவையும் பேருந்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். "எனக்குரிய சீதனம் முழுவதையும் திருமணத்தின்போதே பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை" என்று பத்திரம் சொன்னது. அம்மா கைநாட்டு வைத்தாள். அக்காள், "எங்க எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள். பெயரைத் தெளிவாக எழுதினாள். வெளியே வந்து மூவரும் தேநீர் குடித்தோம். நான்தான் காசு கொடுத்தேன். அதையும் அன்று ஒரு பெருந்தன்மையாக நினைத்தேன்.

சட்டப்படி அதில் குறையில்லை. ஆகையால் 38 ஆண்டுகளில் ஒருமுறைகூட அது எனக்கு ஒப்புரவுத் தொட்டியில் நினைவுக்கு வரவில்லை. கோபம் வந்தது, பொய் சொன்னேன், திருப்பலிக்குப் போகவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை ஞாயிறு நற்செய்தியாக வரும். அதை நானே மறைக்கல்வி வகுப்பில் விளக்கியிருக்கிறேன்.

வகுப்பு முடிந்து வீடு திரும்பிய இரவு, மூடிய நோட்டை மறுபடி திறந்தேன். 1962 முதல் 1974 வரை "மூத்தவள் வரவு" என்ற வரிகளை எல்லாம் கூட்டினேன். ஆலை அடைத்திருந்த மாதங்களில் வரியில்லை. கூலி 6.50இலிருந்து மெல்ல ஏறி 15 ரூபாயில் முடிகிறது. மொத்தம் 5,214 ரூபாய். அவள் திருமணம் 1974இல். அப்போது அவளுக்கு 26 வயது. என் பி.எட். முடியட்டும் என்று தள்ளிப்போட்ட திருமணம். நகை, ரொக்கம், பாத்திரம், பந்தல் எல்லாவற்றுக்குமாக அப்பா எழுதியிருந்த சீதனச் செலவு 3,640. ஆக, அவள் கூலியிலிருந்தே அவள் சீதனம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 1,574 ரூபாய் மிஞ்சியது. அந்த மிச்சம் எங்கே போயிற்று என்பதைத் தேட வலப்பக்கம் போதுமாக இருந்தது. "பெரியவன் காலேஜ்." "பெரியவன் விடுதி." "பெரியவன் புத்தகம்."

எட்டு விழுக்காட்டில் அந்த 1,574 இன்று என்னவாகியிருக்கும் என்று, பழக்கத்தால், கணக்குப் போட்டேன். 51 ஆண்டில் ஏறத்தாழ 80,000. பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தப் பணத்தில் கிடைத்த பட்டத்தால் 37 ஆண்டுகள் சம்பளமும், அதன் பின் ஓய்வூதியமும் வாங்கியவனுக்கு 80,000 என்ற விடை சரியாகப் படவில்லை.

மறுநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அதிகம் பேசுகிறவள் அல்லள். "1999இல மைனி வளையலக் கழட்டினப்பவே நான் இத நெனச்சேன். நீங்க நெனக்கட்டும்னு இருந்தேன்" என்றாள். இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறாள்.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். "அத்தைதான் எழுதிக் கொடுத்தாச்சே அப்பா. சட்டப்படி முடிஞ்ச விஷயம். சித்தப்பா பங்கு வித்துப் போயாச்சு. நீங்க மட்டும் ஏன்?" என்றான். பேத்தியின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்குகையில் அந்த விளையை ஈடாகக் காட்டலாம் என்று அவன் எண்ணியிருந்தான். அவன் கேட்டதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவன் குழந்தைக்கு அவன் கணக்குப் போடுகிறான். எங்கள் அப்பாவும் அதைத்தான் செய்தார். ஆனால், அக்காளின் 30இல் 15 தம்பியிடமிருந்து வர வேண்டியது, 15 என்னிடமிருந்து. தம்பியின் 15ஐ நான் தர இயலாது. என் 15 என் வேலிக்குள் இருக்கிறது. மகள் மட்டும், "நீங்க எனக்கு எழுதப்போற பங்குல கழிச்சுக்கோங்க அப்பா" என்றாள். கழிக்கவில்லை. எஞ்சிய 30 சென்டை மகனுக்கும் மகளுக்கும் சமமாக உயில் எழுதி, அதை மகனுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு மாதம் அவன் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினான், விளையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மே மாதத்தில் பத்திர எழுத்தரிடம் 15 சென்டுக்கு செட்டில்மென்ட் நகல் எழுதி வாங்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு 77 வயது. அத்தான் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகனோடு இருக்கிறாள். முற்றத்தில் புளி கோதிக்கொண்டிருந்தாள். விரல்களில் இப்போது கறுப்பு இல்லை; நகங்கள் மட்டும் வளைந்தே வளர்கின்றன.

அப்பாவின் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மூத்தவள் வரவு" என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். "அப்பா எழுதி வச்சிருந்தாரா?" என்றாள். அவ்வளவுதான். கூலியை அம்மாவின் கையில் கொடுத்து வந்தவளுக்கு, அது எங்கும் எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணமே இருந்ததில்லை.

பிறகு பத்திர நகலைக் கொடுத்து, வந்த காரியத்தைச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அங்கே அது வாயில் வரவில்லை. அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். வேண்டாம் தம்பி, உன் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்பாள் என்றும், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்றும் எதிர்பார்த்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. நகலை இரண்டு முறை வாசித்தாள். நான்கெல்லை எழுதியிருந்த இடத்தில் நின்றாள்.

"கெழக்க நீ. தெக்க ஓடை. மேக்க தம்பி வித்த எடம். வடக்க அந்த மனுசனோட மதில்" என்று எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கு மூணு மக்க. மூணு பேருக்கும் அஞ்சஞ்சு சென்ட் போடணும். அவங்க உள்ள போறதுக்கு வழி எங்க மக்கா?" என்று கேட்டாள்.

நகலை வாங்கிப் பார்த்தேன். வழி எழுதியிருக்கவில்லை. ரோட்டிலிருந்து அந்த 15 சென்டுக்குப் போக, என் 30 சென்டின் ஊடே நடந்தாக வேண்டும். அது எனக்கும் தோன்றவில்லை, எழுத்தருக்கும் தோன்றவில்லை. "மூணடி போதுமா?" என்றேன்.

"ஆட்டோ வரணும்" என்றாள்.

எட்டடி வழியைச் சேர்த்து எழுத, மறுநாள் மீண்டும் பத்திர எழுத்தரிடம் போனேன்.